ஜன்னலோரத் தொட்டிக்கு ஒரு சுழலும் மர மேடை

என் ரப்பர் செடி ஜன்னல் பக்கமே சாய்ந்து வளர்ந்தது. தண்டில் நிழல் விழும் பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் சேர்ந்து, அங்குள்ள செல்கள் அதிகம் நீள்வதால் வரும் சாய்வு இது. வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பினால் போதும். ஆனால் ஈர மண்ணோடு பெரிய தொட்டியைத் தூக்கித் திருப்புவது முதுகுக்கு நல்லதில்லை. அதனால்தான் இந்த மேடை.

18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள்: மேலே 35 செ.மீ., அடியில் 30 செ.மீ. நடுவில் 15 செ.மீ. சதுரச் சுழல் பேரிங், அதாவது ஒன்றின்மேல் ஒன்று சுழலும் இரண்டு தகடுகள். அது தாங்கும் எடையைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் ஊற்றியதும் தொட்டி கனம் கூடிவிடும்.

பேரிங்கைப் பொருத்தும் இடத்தில்தான் எல்லோரும் திணறுவார்கள். ஒரு தகட்டை அடிப்பலகையில் முடுக்கியதும், மற்ற தகட்டின் திருகு ஓட்டைகள் மறைந்துவிடும். அதனால் முதலிலேயே அடிப்பலகையில், தகட்டிலுள்ள பெரிய ஓட்டைக்கு நேராக, 20 மி.மீ. துளை போட்டு வையுங்கள். அப்புறம் மேல்பலகையைக் கவிழ்த்து, அதன் நடுவில் பேரிங் முடுக்கிய அடிப்பலகையை வைத்து, மெல்லச் சுழற்றுங்கள். துளைக்குள் ஒவ்வொரு திருகு ஓட்டையாகத் தெரியும். அதன் வழியாகவே 12 மி.மீ. திருகுகளை முடுக்கலாம். நீளத் திருகு மறுபக்கம் எட்டிப் பார்க்கும், வேண்டாம்.

வார்னிஷை, முடுக்குவதற்கு முன்பே மூன்று பூச்சு கொடுங்கள். வெட்டிய விளிம்புகளுக்கு இன்னொரு பூச்சு. தண்ணீர் முதலில் அங்கேதான் இறங்கும்.