அடிவாரப் பள்ளத்தில் பழைய நிலநடுக்கத்தைப் படிப்பது எப்படி?

டெல்லியிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியும்போது ராம்நகர். இமயமலையின் முன்முகப் பிளவு, அதாவது மலையடிவாரத்தில் நிலநடுக்கத்தின்போது பாறை நழுவும் வெட்டு, தரைமட்டத்துக்கு வரும் கோடு அந்தப் பக்கம்தான். அங்கே களப்பணிக்குக் கிளம்பும் டெல்லித் தமிழ் மாணவர்களுக்கு இந்தக் குறிப்பு.

மழை ஓய்ந்து நிலத்தடி நீர் இறங்கிய பிறகு தோண்டுங்கள். ஆற்றுப் படிவை வெட்டிக்கொண்டு நீளமாக ஓடும் மேட்டுச்சரிவை, அதாவது பிளவு தரையைத் தூக்கிய தடத்தை, தேர்ந்தெடுத்து, அதற்குக் குறுக்காக ஜேசிபி விடுங்கள். சரிவு ஆற்றின் வளைவோடு சேர்ந்து வளைந்தால் அது வெறும் அரிப்பாகவும் இருக்கலாம். ஆழம் 1.5 மீட்டரை நெருங்கும்போதே சுவரைப் படிக்கட்டுபோலப் பின்தள்ளி வெட்டுங்கள். கூழாங்கல் அடுக்கு சொல்லாமல் கொள்ளாமல் சரியும். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள்.

ஜேசிபி பல்லின் தடம் போகும்வரை கொத்துக்கரண்டியால் சுரண்டி, ஆணியும் நூலும் கொண்டு 1 மீட்டர் கட்டம் போடுங்கள். சுவர் முழுக்க நிழலில் இருக்கும்போது படம் எடுங்கள். பாதி வெயில் விழுந்தால் நிழலின் ஓரமே அடுக்கின் எல்லை மாதிரி ஏமாற்றும்.

பிளவு கடைசியாக வெட்டிய அடுக்கு எது, வெட்டுப்படாமல் அதன்மேல் படிந்தது எது? நிலநடுக்கம் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தது. பிளவு மேலே போகப்போக மெலிந்து மறைவதும் உண்டு. எதிர்ச்சுவரிலும் அதே அடுக்கில் நிற்கிறதா என்று பார்க்காமல் முடிவெழுத வேண்டாம்.

அடுக்கின் வயதை அதில் கிடக்கும் கரித்துண்டின் கரிமத்தை வைத்துக் கணிப்பார்கள். பெரும்பாலான வயதுக் கணக்கு கெடுவதும் அந்தக் கரித்துண்டில்தான். இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். காகிதமும் பஞ்சும் கரிமம் கொண்டவை, தொடவே கூடாது. எங்கோ பல நூற்றாண்டுக்கு முன் எரிந்த மரத்தின் கரியை ஆறு அடித்து வந்து போட்டிருக்கும். அதனால் கரி காட்டும் வயது அடுக்கின் வயதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரே அடுக்கில் பல துண்டுகள் எடுத்து, அவற்றில் இளையதை நம்புங்கள், வேர்த்துளையோ எலிவளையோ பக்கத்தில் இல்லையென்றால் மட்டும். கரி கிடைக்காவிட்டால் மணலுக்குள் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் கறுப்பு பிளாஸ்டிக்கில் மூடி, மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைச் சொல்லும் ஒளிவழிக் காலக்கணிப்புக்கு அனுப்புங்கள்.

பள்ளத்தில் தடயம் இல்லாததால் நிலநடுக்கமே வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 1905 காங்ரா, 2015 நேபாளம் இரண்டிலும் அடிவாரத் தரை பிளக்கவில்லை. இமயமலையின் குறுக்கே நிலம் ஆண்டுக்கு சுமார் 18 மி.மீ. நெருங்குகிறது என்றால் 500 ஆண்டில் 9 மீட்டர் சேரும் என்பது சரியான பெருக்கல்தான். ஆனால் அது அடுத்த நிலநடுக்கத்தின் தேதியைச் சொல்லாது.

இமயமலையின் ஆட்டம் டெல்லியையும் எட்டும்: 1803 கர்வால் நிலநடுக்கத்தில் குதுப் மினாரின் உச்சி மண்டபம் விழுந்தது. 2016 இந்தியத் தர விதிப்படி டெல்லி நிலநடுக்க அபாயத்தில் 4-ஆம் மண்டலம். மயூர் விஹார் போன்ற யமுனை வண்டலில், பாறை மேலிருக்கும் ரிட்ஜ் பகுதியைவிட ஆட்டம் பெருகும். அங்கே வீடு பார்ப்பவர்கள் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். சுவரில்லாமல் தூண் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளத்துக்கு வலுவூட்டல் உண்டா என்பதையும் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.