விரலை வைத்து அழுத்தினாலும் எழுத்து நீலமாகாமல் இருக்க

கொழிஞ்சாம்பாறையில் தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். குழி எடுப்பது, நாற்று நடுவது எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தது. ஒரே மாதத்தில் அதே வரிகள், என் எழுத்துப்பிழையோடு சேர்த்து, வேறொரு பண்ணையின் பக்கத்தில் கிடந்தன. "யாரும் காப்பி அடிக்காத மாதிரி பூட்டு ஒண்ணு போட்டுருங்க தம்பி" என்றார்.

பூட்டெல்லாம் கிடையாது, தாழ்ப்பாள்தான். அது, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், எழுத்தைத் தேர்ந்தெடுக்க விடாத ஒரு வரி. காக்க வேண்டிய பத்திகளுக்கு மட்டும் கிளாஸ் என்ற பொதுப்பெயர் ஒன்று கொடுத்து, அதற்குள் யூசர்-செலக்ட் (user-select), ஒரு கோலன், அப்புறம் நன் (none) என்று எழுதி அரைப்புள்ளி வையுங்கள். அதே வரியை முன்னால் -வெப்கிட்- (-webkit-) சேர்த்து இன்னொரு முறையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஐபோன் சஃபாரி கண்டுகொள்ளாது. குரோம் 54, ஃபயர்ஃபாக்ஸ் 69 முதல் இந்த முன்னொட்டு தேவையில்லை.

நான் செய்த தப்பு, சோம்பேறித்தனத்தில் அதை பாடி (body), அதாவது பக்கம் முழுக்கப் போட்டதுதான். வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "அட்ரஸை காப்பி பண்ணி மேப்பில் போடலாம்னா வரவே மாட்டேங்குதே" என்றார். சஃபாரியில் விசாரணைப் பெட்டியில் டைப் செய்யவும் முடியவில்லை. அதனால் முகவரிக்கும் இன்புட் பெட்டிகளுக்கும் நன்னுக்குப் பதில் டெக்ஸ்ட் (text) என்று கொடுத்துத் திறந்துவிடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணுக்கு ஆல் (all) என்று கொடுத்தால் குரோம், ஃபயர்ஃபாக்ஸில் முழு எண்ணும் மொத்தமாகத் தேர்வாகும், கடைசி இலக்கம் விட்டுப்போகாது.

ரைட் கிளிக்கை முடக்குவது வேண்டாம், புது டேபில் லிங்க் திறக்க வருகிறவர்களுக்குத்தான் எரிச்சல். திருட நினைப்பவன் கன்ட்ரோல்-யூ தட்டினால் பக்கத்தின் மூலக் குறியீடே திறந்துவிடும், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுக்கொள்வான்.

எனக்குப் பிடித்த வழி வேறு. நன் வரியை எடுத்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்டில் காப்பி ஈவென்ட்டை, அதாவது ஒருவர் காப்பி செய்யும் கணத்தைப் பிடித்து, பிரிவென்ட் டீஃபால்ட் (preventDefault) சொல்லி வழக்கமான காப்பியை நிறுத்தி, தேர்ந்தெடுத்த எழுத்துக்குக் கீழே பண்ணையின் பெயரையும் வெப்சைட் லிங்க்கையும் சேர்த்து கிளிப்போர்டு டேட்டாவில் (clipboardData) செட் செய்துவிடலாம். அவர் போனிலேயே ஒரு பத்தியை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிக் காட்டினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "அப்ப திருடறவன் நம்ம விளம்பரத்தையும் சேர்த்துல்ல தூக்கிட்டுப் போவான், இதையே வைங்க" என்றார்.