கயிறு கட்டிய குறும்படம்: பி.டி. பீரியடில் போனை எடுக்கும் முன்

போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போட்டி நடுவராகப் போயிருந்தேன். புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர், தன் பிள்ளைகள் எடுத்த குறும்படத்தை ஆசையாகக் காட்டினார். வெயில் மயக்கம் பற்றிய படம். நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம், நினைவில்லாமல் கிடப்பவன் வாயில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கடைசியில் "இப்படிச் செய்தால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும், செய்யாதீர்கள்" என்று ஒரு வரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோய்தான் வேறு, முன்பு என் மாணவர்களோடு நான் எடுத்த படமும் இதே மாதிரிதான்.

சார்ஜ் போட்டுக்கொள், போனைப் படுக்கவைத்துப் பிடி என்பதையெல்லாம் பிள்ளைகளே நமக்குச் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிட்டு, பி.டி. பீரியடில் படம் எடுக்கும்போது நாம் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தவறான முறையை நடித்துக் காட்டுவது

ஒன்பதாம் வகுப்புக்கு முதலுதவிப் பாடம். பாம்புக்கடியை எடுத்துக்கொண்டோம். கதை பிள்ளைகளுடையது, தலையாட்டியது நான். வரப்பில் ஒருவன் அலறி விழுகிறான். அக்கா துப்பட்டாவைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டுகிறாள். அண்ணன் பிளேடால் கீறி, வாய் வைத்து உறிஞ்சித் துப்புகிறான். பின்னணியில் உறுமி வேறு. இரண்டு நிமிடம் இப்படி ஓடியபிறகு நர்ஸ் வேடத்தில் ஒரு மாணவி வந்து, "இதெல்லாம் தவறு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்" என்று பத்து நொடி பேசுகிறாள். ஆண்டுவிழாவில் விசில் பறந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் தம்பியைக் களத்துமேட்டில் பாம்பு கடித்துவிட்டது. இவன் பாவாடை நாடாவை உருவிக் கெண்டைக்காலில் இறுக்கிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கால் வீங்கி நிறம் மாறியிருந்தது. நல்லவேளை, கடித்தது சாரைப்பாம்பு, விஷமில்லை. யாருடா கட்டச் சொன்னது என்று கேட்டேன். "நம்ம படத்துல கட்டினாங்களே சார்."

அவன்மேல் என்ன குறை சொல்வது? இரண்டு நிமிடம் கண்ணால் பார்த்ததைச் செய்தான், பத்து நொடி காதில் விழுந்ததை மறந்தான். இதை யோசிக்காமல் தலையாட்டிய என்மேல்தான் இன்றைக்கும் எரிச்சல். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிப்போகலாம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் ரத்தம் உறையும் தன்மையே கெடும், அந்த நேரத்தில் பிளேடால் கீறினால் ரத்தம் நிற்காது. நாகம், கட்டுவிரியன் இரண்டையும் சேர்த்து இந்த நான்குக்கும் ஒரே விஷமுறி மருந்துதான். அதைத் தயாரிக்க வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்து ஊசியில் ஏறினால்தான் வேலை செய்யும். வாயால் உறிஞ்சி ஒன்றும் வராது.

மறுபடி எடுத்தோம். கடிபட்டவனைப் படுக்கவைத்துத் தைரியம் சொல்கிறார்கள், காலில் கிடக்கும் காப்பைக் கழற்றுகிறார்கள், கால் அசையாதபடி பலகைத் துண்டு வைத்து, விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகத் துணி சுற்றுகிறார்கள், 108-க்கு போன் போடுகிறார்கள். ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். தவறான முறை ஒரு ஷாட்டில்கூட இல்லை. "ஹீரோவுக்கு வேலையே இல்லையே சார்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். சரி, தூக்கட்டும்.

ஸ்பூனுக்குப் பதில் கரண்டி

வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கரைசல் செய்ய 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சின்ன ஸ்பூன் கேமராவில் எடுபடவில்லை என்று ஒரு குழு குழம்புக் கரண்டியால் உப்பை அள்ளியது. வசனத்தில் அளவு சரி, படத்தில் கடல் தண்ணீர். போனைப் பக்கத்தில் கொண்டுபோங்கள், ஸ்பூனை மாற்றாதீர்கள். கரைசல் கண்ணீரைவிடக் கரித்தால் கீழே கொட்ட வேண்டியதுதான்.

ஓடுகிறவனோடு கேமராவும் ஓடுவது

நீளம் தாண்டுதலைப் பார்த்துத் திருத்தத்தான் எடுக்கிறோம், கல்யாண வீடியோவுக்கு இல்லை. தாண்டும் பலகைக்கு நேர் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, ஸ்டாண்டில் போனை நிறுத்திவிடுங்கள். சாய்வாக வைத்தால் கோடு மிதித்தானா இல்லையா என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும். அப்புறம் வேகம். நொடிக்கு 7 மீட்டர் ஓடுகிற பையன், நொடிக்கு 30 பிரேம் எடுக்கும்போது ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 23 செ.மீ. நகர்ந்துவிடுகிறான். பலகையின் அகலமே 20 செ.மீ.தான். ஸ்லோமோஷனில் 240 வைத்தால் அது 3 செ.மீ. ஆகும். முழங்கால் எப்போது உயர்ந்தது என்று அப்போதுதான் தெரியும். ஒன்று, 240-க்கு வெளிச்சம் நிறைய வேண்டும். சாயங்கால மங்கலில் படம் இருண்டுவிடும்.

ஒருவன் எடுக்க, முப்பது பேர் உட்கார்ந்திருப்பது

பீரியடே 40 நிமிடம். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் தாண்ட, ஒருவர் எடுக்க, ஒருவர் பார்த்துச் சொல்ல. மூன்று தாண்டலுக்கு ஒருமுறை இடம் மாறட்டும். வேர்க்கவில்லை என்றால் அது பி.டி. பீரியட் இல்லை.

சினிமாப் பாட்டு

வேண்டாம்.

ஸ்டேட்டஸ்

மணலில் குப்புற விழுந்த பிள்ளையின் வீடியோ அன்று மாலையே யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸில் இருக்கும். அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும், மைதானத்துப் பக்கமே வராது. மாணவர் போனில் எடுக்கவிடாதீர்கள். பள்ளிக்கென்று இருக்கும் போன்களில் மட்டும் எடுங்கள், திருத்தம் சொல்லி முடித்ததும் அழித்துவிடுங்கள். வெளியே காட்டப்போகும் படம் என்றால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் போட்ட கட்டைவிரல் போதாது.