பிரசவத்துக்கு அமெரிக்கா வர்றீங்களா, பழைய ஆஸ்பத்திரி ஃபைலை மறந்துடாதீங்க

மாசமா இருக்கற அம்மிணியக் கூட்டிட்டு இங்க வர்ற நம்ம கோயமுத்தூர், ஈரோடு, கோபி பக்கத்து ஆளுங்க மொதல்ல கேக்கறது இன்சூரன்ஸ் பத்தித்தானுங்க. அத கம்பெனி எச்ஆரே சொல்லிருவாங்க. நான் சொல்ல வந்தது வேற, இங்க பிரசவம் பாக்கற டாக்டருங்க கோர்ட் கேஸுக்கு எப்படி பயந்து கெடக்கறாங்கங்கறது.

நம்மூர்லயும் காசு வாங்கிட்டு வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரி மேல கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாம்னு 1995-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, ஆனா நம்மாளுங்க "உடுங்க, நம்ம நேரம்"னு உட்டுருவாங்க. இங்க அப்படியில்லீங்க, பொறக்கறப்ப கொழந்தைக்கு மூளைல பாதிப்பு ஆச்சுன்னா ஆயுசு பூரா பாத்துக்கற செலவையும் சேத்துக் கேப்பாங்க, வக்கீல் முன்கூட்டி ஃபீஸ் வாங்காம ஜெயிச்சா பங்குன்னு எடுப்பாரு, கொழந்தை பேருல கேஸ் போட நெறைய ஸ்டேட்ல வருசக்கணக்குல டைம் வேற. அதனால டாக்டருங்க கட்டற மால்ப்ராக்டிஸ் இன்சூரன்ஸ் (தப்பா வைத்தியம் பாத்தாங்கன்னு கேஸ் வந்தா கை குடுக்கறது) ப்ரீமியம் ரொம்ப ஜாஸ்தி, பிரசவமே வேண்டாம்னு கைனக், அதாவது பொம்பளைங்க வியாதி மட்டும் பாக்கறவங்களும் இருக்காங்க.

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சட்டம் மாறும். வலி வேதனைக்குன்னு குடுக்கற நஷ்டஈட்டுக்கு கலிஃபோர்னியா 1975-லயே 2,50,000 டாலர்னு உச்சவரம்பு போட்டு 2023-லதான் ஏத்துச்சு, டெக்சாஸ் 2003-ல போட்டுச்சு, ஃப்ளோரிடாவுல பொறக்கறப்ப ஆகற சில பாதிப்புகளுக்கு கோர்ட்டுக்கே போகாம குடுக்கற தனி ஃபண்ட் இருக்கு.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேப்பீங்க. வலி வந்து போய்ப் படுத்ததும் வயித்துல ரெண்டு பெல்ட்டக் கட்டி கொழந்தையோட இதயத்துடிப்ப விடாம கிராஃப் எடுப்பாங்க. சிக்கல் இல்லாத பிரசவத்துல இதனால சிசேரியன்தான் கூடுதே தவிர பெருமூளை வாதம் கொறையலைன்னு ஆராய்ச்சிலயே வந்துருச்சு, ஆனா நாளைக்கு கோர்ட்ல காட்ட அந்த கிராஃப் வேணுமே! எந்திரிச்சு நடக்கோணும்னு நெனச்சா, துடிப்ப விட்டு விட்டு பாத்தாப் போதுமான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

என்ற ஊட்டுக்காரிக்கு மொதல் கொழந்தை கோயமுத்தூர்ல சிசேரியன். இங்க ரெண்டாவதுக்கு நார்மலா ட்ரை பண்றோம்னு சொன்னதும் (இத விபேக்ம்பாங்க) பக்கத்து ஆஸ்பத்திரில "நாங்க பண்றதில்ல"ன்னு ஒரே வார்த்தை. தையல் பிரிஞ்சுரும்னு பயம், அது நிசமான பயந்தான், நூத்துல ஒண்ணுக்கும் கம்மின்னாலும் ஆச்சுன்னா பெரிய ஆபத்து. 1999-ல இங்கத்த மகப்பேறு டாக்டருங்க சங்கம் ஆபரேஷனுக்கு ஆளு உடனே தயாரா இருக்கோணும்னு சொன்னதும் கேஸுக்கும் பயந்து நெறைய ஆஸ்பத்திரி நிறுத்திருச்சு, 2010-ல கொஞ்சம் தளர்த்தியும் பலபேரு திரும்ப ஆரம்பிக்கல.

நாப்பது நிமிசம் தள்ளி இன்னொரு டாக்டரம்மா சரின்னாங்க, ஆனா தையல் பிரியற ஆபத்து அறுத்த விதத்தப் பொறுத்ததுங்கறதால, கர்ப்பப்பைல எப்படி அறுத்தாங்கன்னு பேப்பர் கேட்டாங்க. எங்ககிட்ட இருந்த டிஸ்சார்ஜ் சம்மரில எல்எஸ்சிஎஸ்னு (சிசேரியனுக்கு டாக்டருங்க எழுதற சுருக்கம்) நாலு எழுத்து மட்டுந்தான். மச்சான் ரெக்கார்ட் ரூம்ல ரெண்டு நாள் ஒக்காந்து ஆபரேஷன் நோட்ஸ ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புனாப்ல. கீழ்ப்பக்கம் குறுக்கால அறுத்திருக்குன்னு கிறுக்கலா எழுதியிருந்த அந்த ஒரு வரிய டாக்டரம்மா பெருசு பண்ணிப் பாத்துட்டுத்தான் தலையாட்டுனாங்க. அதனால ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடியே அந்தக் காயிதத்த முத்திரையோட வாங்கி கைப்பையில வச்சுக்கோங்க, செக்-இன் பெட்டில போடாதீங்க.