டிரான்ஸ்மிஷன் லைன் சப்வூஃபர்: பெட்டி கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கம் ஸ்பீக்கர் பெட்டி அடிப்பது புதிய வேலை அல்ல. கோயில் வேலத் திருவிழாவுக்கும் பூரத்துக்கும் மைக் செட் கட்டுகிற ஊர்களில், பெட்டி செய்யத் தெரிந்த ஒரு கை எப்போதும் இருக்கும். இப்போது வீட்டில் சினிமா பார்க்கவும் மேளம் கேட்கவும் டிரான்ஸ்மிஷன் லைன் சப்வூஃபர் கட்ட ஆசைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் மைக் செட் பெட்டிக்குப் பழகிய கை, அதே பழக்கத்தோடு இதையும் செய்யும்போதுதான் சிக்கல். ஒரு ஷீட் பிளைவுட்டும் ஒரு வாரக் கூலியும் போன பிறகு, 'பேஸே இல்லையே' என்று நிற்க வேண்டியதாகிறது.

இதில் சத்தத்தைத் தீர்மானிப்பது பெட்டியின் கொள்ளளவு மட்டும் இல்லை, உள்ளே ஓடும் பாதையின் நீளம். ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் ஒரு நீண்ட மடித்த குழாய் (இதுதான் லைன்) வழியே போய், திறந்த வாயில் வெளியே வருகிறது. ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த குழாய், தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளம் உள்ள சத்தத்துக்கு ஒத்து அதிரும். நொடிக்கு 344 மீட்டர் என்கிற ஒலிவேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 1 மீட்டர் பிவிசி குழாயை ஒரு பக்கம் மூடினால் ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸ். 30 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2.87 மீட்டர், 25 வேண்டுமென்றால் 3.44 மீட்டர்.

முதல் தவறு, ஸ்பீக்கரைப் பற்றி எதுவும் தெரியாமல் பலகை வாங்குவது. காந்தத்தில் '1000 வாட்ஸ்' என்று ஒட்டியிருப்பது இந்த வேலைக்கு எந்த உதவியும் செய்யாது. தேவைப்படுவது அந்த ஸ்பீக்கரின் தன் அதிர்வெண் (கோன் தானாக அதிரும் அதிர்வெண்), கியூடிஎஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்டும் எண்), கோனின் பரப்பு. தன் அதிர்வெண் உங்கள் லைனின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கியூடிஎஸ் 0.3 முதல் 0.5 வரை இருந்தால் வேலை சுலபம். 45 ஹெர்ட்ஸில் அதிரும் ஸ்பீக்கரை 25 ஹெர்ட்ஸ் லைனில் மாட்டிவிட்டு ஆழத்தை எதிர்பார்த்தால் அது எங்கிருந்து வரும்?

விவரத்தாள் இல்லாத ஸ்பீக்கர் என்றால் வீட்டிலேயே அளக்கலாம். ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் 100 ஓம், 5 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். ஸ்பீக்கரைப் பெட்டியில் மாட்டாமல் வெறுமையாக வைத்து, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, 15 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். வோல்ட் எங்கே உச்சிக்குப் போய் இறங்குகிறதோ அதுதான் தன் அதிர்வெண். புதுசாக வாங்கியது என்றால் அளக்கும் முன் சில மணி நேரம் தாழ்ந்த டோனில் ஓடவிடுங்கள். கோனைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பைடரும் சரவுண்டும் விறைப்பு விட்டால்தான் உண்மையான எண் வரும். கியூடிஎஸ் முதலான மற்றவற்றையும் சேர்த்து எடுக்க, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அடுத்த தவறு, நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்கும் அந்த வாய்ப்பாட்டை எல்லா வடிவத்துக்கும் பொருந்தும் என்று நம்புவது. மூடிய முனையிலிருந்து வாய் வரை ஒரே பரப்பு உள்ள லைனுக்குத்தான் அது சரி. வாயை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிற லைன், அதே நீளத்துக்கு இன்னும் கீழே அதிரும். விரிந்துகொண்டே போவது மேலே அதிரும். குறுகும் லைனின் வரைபடத்தைப் பார்த்து நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, செய்வதற்குச் சுலபம் என்று ஒரே பரப்பாகக் கட்டுகிறவர்கள் உண்டு. அப்போது குறித்த அதிர்வெண்ணுக்கு மேலே போய் நிற்கும். டேவிட் மக்பீன் எழுதிய ஹார்ன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருளில் வடிவத்தைக் கொடுத்தால், பலகையைத் தொடும் முன்பே விளைவு தெரிந்துவிடும். அதன் முகம் பழைய காலத்து விண்டோஸ் மாதிரிதான், ஆனால் ஒரு மாலை உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலக்காட்டுக் கோடையில் 40 டிகிரி வந்தால் ஒலிவேகம் 355-ஐத் தொடும். அதனால் 30 ஹெர்ட்ஸ் லைன் 31 ஆகும். விட்டுவிடுங்கள்.

இனி, அதிகமாகப் பலகையை வீணாக்கும் தவறு. நல்ல ஆசாரி வரைபடத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது உள்ளளவா, வெளியளவா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வரைபடத்தைக் கையில் கொடுக்கக் கூடாது.

எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோன் பரப்பு 215 சதுர செ.மீ. அளவில் இருக்கும். லைனுக்கு 300 சதுர செ.மீ. வைக்கிறோம்: அகலம் 20, உயரம் 15. மூன்று தட்டாக மடித்தால் உள்ளே மூன்று 15, ஆக 45 செ.மீ. அதோடு மேல், கீழ், நடுவில் இரண்டு என்று நான்கு பலகை. 18 மி.மீ. பிளை என்றால் 7.2 செ.மீ. வெளி உயரம் 52.2, வெளி அகலம் 23.6. இதை மறந்து 45-ஐயும் 20-ஐயுமே வெளியளவாக அறுத்துவிட்டால் ஒவ்வொரு தட்டும் 12.6 செ.மீ. உயரம், 16.4 செ.மீ. அகலம் ஆகிவிடும். 300 என்று நினைத்த பரப்பு 207-க்கு வந்து நிற்கும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஸ்பீக்கருக்கான துளையே 18.5 செ.மீ. விட்டம் என்னும்போது, 16.4 அகலத்தில் அதை மாட்டவும் முடியாது.

ஆழத்தையும் பாருங்கள். எட்டு அங்குல வூஃபர் பத்து செ.மீ. அளவுக்கு உள்ளே இறங்கும். தட்டின் உயரம் 15 என்றால் காந்தத்துக்குப் பின்னால் 5 செ.மீ. மிச்சம். அதே 300 சதுர செ.மீட்டரை 30க்கு 10 என்று தட்டையாகப் போட்டால், பரப்புக் கணக்கு சரியாகத்தான் இருக்கும், ஆனால் காந்தம் நடுப்பலகையில் இடித்து லைனையே அடைத்துவிடும். காந்தத்தின் பின்னால் மூச்சுத்துளை உள்ள ஸ்பீக்கர் என்றால் இன்னும் மோசம்.

நீளத்தை லைனின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். சுவரோரம் டேப் பிடித்து அளந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடவோ குறையவோ வரும். மேலே சொன்ன மூன்று தட்டுப் பெட்டியில், உள்நீளத்தை மூன்றால் பெருக்கி 3.6 செ.மீ. கூட்டினால் நடுக்கோட்டின் நீளம். வாயில் இருக்கும் காற்றும் கொஞ்சம் வெளியே நீண்டு சேர்ந்து அதிரும். இந்தப் பரப்புக்கு அது 6 முதல் 8 செ.மீ. வரை, அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆக 30 ஹெர்ட்ஸுக்கு உள்நீளம் 92, 93 செ.மீ. போதும். நடுப்பலகை எதிர்ச்சுவரிலிருந்து 15 செ.மீ. முன்னாலேயே நிற்க வேண்டும். அங்கே குறைத்தால் கழுத்தை நெரித்த மாதிரி. திருப்பத்தின் மூலைகளில் 45 டிகிரி சாய்வுக் கட்டை வைக்கப் பலர் மெனக்கெடுகிறார்கள். 100 ஹெர்ட்ஸ் அலையே 3.4 மீட்டர் நீளம், அதற்கு அந்த மூலை கண்ணிலேயே படாது. பெட்டிக்கு உறுதி சேரும் என்பதற்காக வைப்பதானால் வைக்கலாம்.

பலகை விஷயத்தில் நாம் இருக்கும் இடம் ஒரு வசதி. கேரளத்தின் பிளைவுட் ஆலைகள் குவிந்திருக்கும் பெரும்பாவூர் தூரமில்லை. ஆனால் விலை குறைந்த கமர்ஷியல் பிளையில் நடு அடுக்குகளில் இடைவெளி இருக்கும். பேஸ் வந்ததும் அந்த இடம் தனியாகச் சடசடக்கும். ஷீட்டை நிறுத்தி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் பொள்ளலாக மாறும் இடம் தெரியும். அறுத்த விளிம்பையும் பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் சீரான பலகைதான், சத்தத்துக்கும் நல்லது, ஆனால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் விளிம்பு வழியே ஈரம் குடித்து ஊதிவிடும். எம்டிஎஃப்-தான் என்று முடிவு செய்தால் எல்லா விளிம்பையும், உள்பக்கம் உட்பட, சீலர் அடித்து மூடுங்கள். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் கால் வைத்துத் தூக்குங்கள். என்னைக் கேட்டால் ஐஎஸ் 710 தர முத்திரை உள்ள மரைன் பிளை, செலவு கூடினாலும்.

ஸ்பீக்கரை லைனின் மூடிய முனையில் மாட்டுவது அடுத்த தவறு. 30 ஹெர்ட்ஸில் அதிரும் லைன் அதோடு நிற்காது. 90, 150, 210 என்று ஒற்றைப்படை மடங்குகளிலும் அதிரும். வாயில் அவை மேடும் பள்ளமுமாக வெளியே வந்து பாட்டைக் குழப்பும். மூடிய முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஸ்பீக்கரை வைத்தால், 90 ஹெர்ட்ஸ் அலைக்கு அங்கே அழுத்தம் பூஜ்யம், அதனால் ஸ்பீக்கரால் அதைத் தூண்ட முடியாது. நம் பெட்டியில் அது 95 செ.மீ. சுமார். ஐந்தில் ஒரு பங்கில் வைத்தால் 150 அடங்கும். சப்வூஃபருக்கு 90தான் தொல்லை, ஆகவே மூன்றில் ஒரு பங்கே என் தேர்வு. ஆனால் நம் பெட்டியில் அந்த 95, முதல் மடிப்பின் மேலேயே விழும். அப்போது ஸ்பீக்கரை முதல் தட்டின் கடைசியில், திருப்பத்துக்குச் சற்று முன்னால் வைத்துவிட்டு, அந்த இடத்தை ஹார்ன்ரெஸ்பில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்ச மடங்குகளை அடக்கத்தான் பஞ்சு. பஞ்சைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை இன்னும் சுற்றுகிறது: பஞ்சை அடைத்தால் ஒலிவேகம் பாதியாகும், லைனையும் பாதியாக வெட்டிவிடலாம் என்று. 1965-இல் ஏ. ஆர். பெய்லி 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் கம்பளி அடைத்த லைன் பரவலானது. நீளமான ஆட்டுக் கம்பளி நல்ல பொருள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காற்றின் வெப்பத்தை இழைகள் முழுதாக வாங்கிக்கொண்டாலும் வேகம் 15 சதவீதத்துக்கு மேல் குறைய வழியில்லை, நாம் அடைக்கும் அளவில் அதுவும் வராது. அதற்கு மேலே குறைக்கப் பார்த்து இறுக்கி அடைத்தால் 30 ஹெர்ட்ஸே செத்துப்போகும். பஞ்சை நம்பி நீளத்தை வெட்ட வேண்டாம்.

லைன் முழுவதும் ஒரே மாதிரி அடைப்பதும் வேண்டாம். 30 ஹெர்ட்ஸுக்குக் காற்று அதிகமாக அசைவது வாய்ப் பக்கத்தில், அங்கே பஞ்சு வைத்தால் நமக்கு வேண்டியதையே விழுங்கும். மூடிய முனையிலிருந்து பாதி தூரம் வரை, கன மீட்டருக்கு 8 கிலோ கணக்கில் வையுங்கள். நம் பெட்டியின் லைன் சுமார் 86 லிட்டர், அதில் பாதிக்கு 350 கிராம் பாலியஸ்டர் இழைப் பஞ்சு. தராசில் போட்டு நிறுத்து, உதறிப் பரப்பி வையுங்கள். வீட்டில் கிடக்கிற தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை அடைத்தால் நாளாக ஆகக் கட்டிதட்டிக் கீழே அமுங்கிவிடும். பொள்ளாச்சி நார் மலிவாகக் கிடைக்கிறது என்று தேங்காய் நாரைத் திணிப்பவர்களும் உண்டு. அது முரடு, தூள் உதிரும், அந்தத் தூள் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) இடுக்கில் போனால் ஸ்பீக்கர் கரகரக்கும்.

எல்லாத் தவறிலும் திருத்த முடியாதது, கடைசிப் பலகையை ஃபெவிகால் போட்டு ஒட்டிவிட்டுப் பிறகு கேட்டுப் பார்ப்பது. பஞ்சு கூடுதலா குறைவா, நடுப்பலகை ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்பதெல்லாம் ஓடவிட்ட பிறகுதான் தெரியும். ஒரு பக்கப் பலகையை மட்டும் ரப்பர் ஃபோம் டேப்பும் நெருக்கமான ஸ்க்ரூவும் போட்டு மூடுங்கள். மறுபடி அதே 100 ஓம் ரெசிஸ்டர், அதே மல்டிமீட்டர். இப்போது ஒரு உச்சிக்குப் பதில் இரண்டு உச்சி வரும், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் 30 பக்கத்தில் இருந்தால் கணக்கும் மரமும் ஒத்துப்போயின என்று அர்த்தம். பள்ளம் ஆழமில்லாமல் மழுங்கியிருந்தால் பஞ்சு அதிகம், அல்லது தட்டுக்குத் தட்டு காற்று கசிகிறது. இரண்டாவதுதான் அடிக்கடி. ஒட்டிய ஓரங்கள் முழுதும் பசையை விரலால் இழுத்து மூடுங்கள். அளவு திருப்தியான பிறகு அந்தப் பலகையையும் ஒட்டிக்கொள்ளலாம், நான் ஸ்க்ரூவோடேயே விட்டுவிடச் சொல்வேன்.

வாய்க்குக் கம்பி வலை போட மறக்காதீர்கள். தரையோரம் திறந்த பொந்து, உள்ளே மெத்தென்று பஞ்சு, எலிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் கொசுவலை அளவுக்கு நெருக்கமான வலை காற்றைத் தடுத்துச் சீறும், அரை அங்குலக் கண்ணுள்ள வலை போதும். வாயைச் சுவரோடு ஒட்டி வைப்பதும் அடைப்புதான்.

கடைசியாக கிராஸ்ஓவர், அதாவது எந்த அதிர்வெண்ணுக்கு மேலே உள்ள சத்தத்தை சப்வூஃபருக்கு அனுப்பாமல் வெட்டுவது என்ற அமைப்பு. பல ஆம்ப்ளிஃபையர்களில் 120, 150 என்று வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் நாம் பாடுபட்டு அடக்கிய மடங்குகள் எல்லாம் வாய் வழியே எழுந்து வரும். 70, 80 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 24 டெசிபல் சரிவில் வெட்டுங்கள். கீழே 25-க்குள் போகிற சத்தத்தையும் சப்சோனிக் ஃபில்டரால் தடுக்க வேண்டும். லைனின் அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, வெறுமனே முன்னும் பின்னும் அலைந்து சுருள் அடிவாங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி கான்க்ரீட் அறையில் 47, 56 ஹெர்ட்ஸ் பக்கம் அறையே ஏற்றிக்கொடுக்கும், அந்த வீக்கத்தைப் பெட்டியின் குறை என்று நினைத்துப் பஞ்சைக் கூட்டாதீர்கள், பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். செண்டை மேளப் பதிவு ஒன்றைப் போட்டு, தாழ்ந்த சத்தம் தரும் வீக்கன் செண்டையின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணும்படி கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மற்ற ஸ்பீக்கர்களும் கூடவே ஓடும்போது, சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் வயரை ஒருமுறை மாற்றிப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்தே 70 ஹெர்ட்ஸ் டோனைக் கேளுங்கள். சத்தம் கூடுகிற பக்கம் எதுவோ, அப்படியே இணைத்து விடுங்கள்.