கொடுங்குற்ற வழக்கில் சிக்கிய சிறார்: வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும் முன் குடும்பம் செய்ய வேண்டியவை

பதினாறு வயது நிறைந்து பதினெட்டு நிறையாத ஒரு பையன் மீது கொலை வழக்கோ போக்சோ வழக்கோ பதிவாகும்போது, "மைனர்தானே, மூன்று வருடத்தில் வெளியே வந்துவிடுவான்" என்று ஆறுதல் சொல்ல யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்துவிடுவார். 2012 டெல்லி கூட்டு வன்புணர்வு வழக்குக்குப் பின் எழுந்த கொந்தளிப்பில் உருவாகி, 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம், 2015 அந்த ஆறுதலைப் பாதி பொய்யாக்கிவிட்டது. இந்த வயதினர் மீது கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால், அவர்களை வயது வந்தோரைப் போலவே விசாரிக்க வேண்டுமா என்பதை, சிறார் வழக்குகளைக் கையாளும் அமைப்பான இளைஞர் நீதிக் குழுமம் முதலில் முடிவு செய்யும்; வேண்டும் என்றால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அந்த முடிவுக்கு முந்தைய சில வாரங்களைக் குடும்பம் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது மிக முக்கியம்.

முதலில் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, அதில் உள்ள பிரிவுகளை வழக்கறிஞருடன் அமர்ந்து பாருங்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் மட்டுமே அது கொடுங்குற்றம். அதிகபட்சத் தண்டனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குறைந்தபட்சம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2021 திருத்தச் சட்டமும் அதையே எழுதிவைத்தது. ஆகவே கொலை வழக்கு மாற்றப்படலாம், கொலை முயற்சி வழக்கு மாற்றப்படாது. பதினேழு வயதுப் பையன் காதலித்த பதினாறு வயதுப் பெண்ணுடன் ஊரைவிட்டுப் போய், உறவும் நிகழ்ந்ததாகப் புகார் வந்தால், போக்சோ சட்டத்தின் 4ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டுகள் என்பதால் அதுவும் கொடுங்குற்றப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. கொலையையும் காதலையும் ஒரே தராசில் வைக்கும் இந்த நிலை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

அடுத்தது வயது. சம்பவம் நடந்த நாளில் இருந்த வயதுதான் கணக்கு. கைதான நாளின் வயது அல்ல. சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பதினாறு நிறைய ஒரு நாள் குறைந்தாலும் மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால், மூலச் சான்றிதழ்களை அன்றே தேடி எடுத்துவையுங்கள்.

பையனை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. எந்தக் குற்றமாக இருந்தாலும் 12ஆம் பிரிவில் பிணை கேட்கலாம். வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

இனி முதனிலை மதிப்பீடு, அதாவது வழக்கை மாற்றுவதா என்று முடிவு செய்யக் குழுமம் நடத்தும் ஆய்வு. குழுமத்தின் முன் முதல் முறை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் இதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடு தாண்டினால் நடவடிக்கை தானாகச் செல்லாமல் போய்விடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், காலதாமதத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது இந்தக் கட்டத்தில்தான்: "என் பிள்ளை அதைச் செய்யவில்லை" என்று நிரூபிக்க முயல்கிறார்கள். இது விசாரணை அல்ல என்று 15ஆம் பிரிவே சொல்கிறது. குழுமம் பார்ப்பவை நான்கு: அந்தக் குற்றத்தைச் செய்வதற்கான மனத்திறன், உடல்திறன், விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன், குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் சூழ்நிலை. குருகிராம் பள்ளி மாணவன் கொலை வழக்கில் 2022இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மனத்திறனும் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றல்ல என்று விளக்கியது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இல்லாவிட்டால், நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றும் கூறியது. எனவே நுண்ணறிவுச் சோதனையின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஓர் அறிக்கை வந்தால், உங்கள் வழக்கறிஞர் அதை எழுத்துபூர்வமாக எதிர்க்க வேண்டும்.

நன்னடத்தை அலுவலர் தயாரிக்கும் சமூகப் பின்னணி அறிக்கை இங்கே பெரும் எடை பெறுகிறது. அவர் வீட்டுக்கு வரும்போது குடும்ப மானம் போய்விடுமென்று எதையும் மறைக்காதீர்கள். அப்பாவின் குடி, பாதியில் நின்ற படிப்பு, சிறு வயதில் பட்ட தலைக்காயம், கற்றல் குறைபாடு, வயதில் மூத்தவர்களின் சகவாசம், அவர்களுக்குப் பயந்து நடந்தது ஆகிய அனைத்தும் அறிக்கையில் இடம்பெற வேண்டியவை. மருத்துவச் சீட்டுகளையும் பள்ளிப் பதிவேட்டு நகல்களையும் கையில் கொடுங்கள். அறிக்கையின் சாரத்தைத் தெரிந்துகொள்ளவும் அதற்கு எதிர்ச்சான்று அளிக்கவும் 99ஆம் பிரிவின்கீழ் குழுமத்திடம் மனுப் போடலாம். உளவியலாளர் பேசும்போது "நீ செய்தாயா, எப்படிச் செய்தாய்" என்று ஒப்புதல் வாங்கும் கேள்விகளாகவே போனால், அதையும் குழுமத்தின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள். விதிகளின்படி அந்தக் கட்டத்தில் பையன் குற்றமற்றவனாகவே கருதப்படுகிறான்.

மாற்ற வேண்டும் என்று குழுமம் முடிவு செய்தால், காரணங்களைச் சொல்லும் உத்தரவின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள். அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் உண்டு என்று அதே 2024 தீர்ப்பு வரையறுத்தது. மேல்முறையீடு தோற்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. வழக்கைப் பெறும் குழந்தைகள் நீதிமன்றம், வயது வந்தோராக விசாரிக்கத் தேவை உண்டா என்று 19ஆம் பிரிவின்படி தானே மறுபடி பார்க்க வேண்டும். அதை ஒரு சடங்காகக் கடந்துபோக விடாதீர்கள்.

அங்கே குற்றம் உறுதியானாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. இருபத்தொரு வயது வரை பையன் சிறார்களுக்கென உள்ள பாதுகாப்பிடத்தில்தான் இருப்பான், சிறையில் அல்ல. அந்த வயதில் தண்டனைக் காலம் மீதமிருந்தால், அவனிடம் ஏற்பட்டுள்ள மாற்றத்தை நீதிமன்றம் மதிப்பிட்டு, விடுவிப்பதா சிறைக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும். ஆகவே பாதுகாப்பிடத்தில் அவன் எழுதும் தேர்வு, கற்கும் தொழில், பெறும் மனநல ஆலோசனை ஆகிய ஒவ்வொன்றுக்கும் சான்றிதழையோ பதிவையோ வாங்கி, தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்துவாருங்கள்.