சாவு வீட்டில் கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிளாஷ் போடாதீர்கள், போனை அணைத்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் அந்த வாசலை மிதிக்கவே வேண்டாம். போன மாதம் கடலூர் முதுநகரில் ஓர் இளைஞர் ஐஸ் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு முந்தைய நானேதான்.

மூத்த மகன் தலையசைத்தால் போதும் என்று நினைப்பது

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு. படுக்கையில் கிடந்த அம்மாவின் கடைசி நான்கு மாதங்களை அவர்களோடு இருந்து எடுத்தேன். "எதை வேண்டுமானாலும் எடுங்கள்" என்றார் மூத்தவர். நெய்வேலியில் கட்டிக்கொடுத்த மகளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உயிர் பிரிந்த கையோடு, வாய்க்கட்டுக் கட்டுவதற்கு முன், தலை கலைந்து கிடந்த படத்தைப் புதுச்சேரியில் ஒரு கண்காட்சியில் பெரிதாக மாட்டினேன். மகள் வந்து பார்த்தார். அழவில்லை. "அம்மா தலை சீவாமல் வாசல் தெளிக்கக்கூட வந்ததில்லை, தம்பி."

அன்றே கழற்றினேன். நெகட்டிவ்கள் இன்னும் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. அந்த வீட்டுப் படியை மறுபடி நான் ஏறவில்லை.

"கையெழுத்து வாங்கிவிட்டேன், அண்ணா" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இன்றும் எரிச்சல் வருகிறது. அழுகைக்கு நடுவே கொடுத்த சம்மதம் கருமாதி வரைகூடத் தாங்காது. இப்போதெல்லாம் பதினாறாம் நாள் கழிந்ததும் சின்னப் பிரிண்டுகளாகப் போட்டுப் பாயில் பரப்பிவிடுகிறேன். வேண்டாததை வீட்டில் யாரும் கவிழ்த்து வைக்கலாம். காரணம் கேட்க மாட்டேன். ஒருமுறை, நான் மெச்சிக்கொண்டிருந்த ஒப்பாரிப் படம்தான் முதலில் கவிழ்ந்தது. கடைசிப் பால் ஊற்றிய கரண்டியும் எவர்சில்வர் டம்ளரும் மங்கலாக விழுந்த ஒன்றை, தள்ளிவிட நினைத்திருந்தேன், பேத்தி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சுனாமிப் படத்தை மனதில் சுமந்து போவது

2004 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம், மணலில் விழுந்து அழும் பெண், உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது பெற்றது. அது செய்திப் படம். பேரழிவின் நடுவே ஒரு கணத்தில் கிடைத்தது. மாதக்கணக்கில் ஒரு வீட்டில் காபி குடித்துப் பழகியவர் அதே மாதிரிக் கைவிரிப்புக்குக் காத்திருப்பது அசிங்கம்.

ஐஸ் பெட்டிக் கண்ணாடி

டியூப் லைட்டும் உங்கள் முகமும் அதில் விழும். பக்கவாட்டில் நில்லுங்கள், லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டுங்கள். மூடியைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

ஓசையில்லா ஷட்டர்

நல்லதுதான். ஆனால் டியூப் லைட்டில் ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு மேல் ஏற்றினால் படத்தில் பட்டை விழும்.

"இன்னொரு முறை நெற்றியைத் தொடுங்கள்"

சொல்லவே கூடாது.

பிரிண்டுக்குப் பணம்

வாங்காதீர்கள்.